சேர்ந்து படிக்கும்போது திக்காது

திங்கள் முதல் சனி வரை அவர் பேச்சில் ஒரு குறையும் கிடையாது. வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் நின்றுகொண்டு, பேரிங் வந்துவிட்டது, பிரேக் ஷூ நாளைக்கு வரும், அந்தக் கம்பெனி பிஸ்டன் வேண்டாம், மாட்டின சூட்டிலேயே கழட்டிக்கொண்டு வருவீர்கள் என்று வாய் ஓயாமல் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், டிரைவிங் ஸ்கூலின் மாடிப்படி ஏறி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்ததும் திக்க ஆரம்பித்துவிடுவார். வேண்டுமென்றேதான் திக்கினார். பேச்சு நன்றாக வருகிற மனுஷனுக்கு வராத மாதிரி நடிக்க என்ன கேடு என்று கேட்பீர்கள். கேடு இருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். ப-வும் க-வும் அவருக்கு ஜென்ம விரோதிகள். போயும் போயும் அந்த மனுஷனுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள். பேரிங், பிரேக், பிஸ்டன், பல்பு, பெல்ட், கிளட்ச், கேபிள், கார்பரேட்டர். கடையில் பாதிச் சரக்கு அந்த இரண்டு எழுத்தில்தான் குடியிருந்தது. "அந்த உருண்டை சாமான்" என்றும் "மேல் ரேக்கில் இருக்கிறது" என்றும் சுற்றி வளைத்துப் பேசியே வருடங்களை ஓட்டினார். எத்தனை உதை உதைத்தாலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி என்று கடையில் அவருக்குக் கிக்கர் என்று பெயர் வைத்தார்கள். முதலாளியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கிக்கர்தான். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். வேறு என்ன செய்வது, சண்டை போடவும் வாய் வேண்டுமே.

அப்படி இருந்தவரைத் திக்குவாய்க்காரர்கள் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் மனைவி. அவள் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். அங்கே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். முதல் நாள் கூடவே வந்து கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கம் கூடுகிற அந்த டிரைவிங் ஸ்கூல் மாடி அறையில் மூன்று சட்டங்கள். பேசுகிறவரின் முகத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் சொல்லத் திணறும் வார்த்தையை இன்னொருவர் முடித்துக் கொடுக்கக் கூடாது. வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. வார்த்தையை எடுத்துக் கொடுப்பது உதவி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆயுள் முழுக்கத் தன் வாக்கியத்தின் வாலை அடுத்தவன் பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்குத்தான் அது உதவியா, கன்னத்தில் விழுகிற அறையா என்று தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். திக்குகிறவர்களுக்குச் சொந்தப் பெயரைவிடக் கொடுமையான வார்த்தை உலகத்தில் கிடையாது. மற்ற வார்த்தைக்கு மாற்று வார்த்தை போடலாம், பெயருக்கு என்ன மாற்று? அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவது இவர் வேலை. ஒன்றும் பேச மாட்டார், முதுகில் தட்ட மாட்டார், அவசரமே இல்லாத மனுஷனாகச் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காருகிற வித்தை வேறு யாருக்கும் கைவரவில்லை. அதனால் அங்கே அவருக்குப் பெயர் அண்ணன். சங்கத்தை ஆரம்பித்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இவரைவிட வயதில் மூத்தவர், அவருக்கும் இவர் அண்ணன். கோர்ட்டில் வாயே திறக்காமல் பத்திரம் எழுதியே பெரிய வீடு கட்டிவிட்ட வக்கீல் ஒருவர் உண்டு, அவருக்கும் அண்ணன். கிக்கர் படியேறினால் அண்ணனாகிவிடுவார். அந்த ஒரு காலைக்காக மற்ற நாள்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பேச்சு வந்து தொலைத்தது.

ஒரேயடியாக வரவில்லை. சங்கத்தில் கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியோ, வயதோ, எதுவோ, திக்கல் தேய்ந்துகொண்டே வந்து ஒரு நாள் கடைப் போனில் "பிரேக் ஷூ பெரிய பெட்டி ரெண்டு போட்டு விடுங்க" என்றார். முழு வாக்கியம், ஒரு தட்டல் இல்லை. போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கேஷியர் எழுதாத பேனாவை உதறிக்கொண்டிருந்தார். முதலாளி மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து முதலாளிதான் கவனித்து, "பரவால்லயே கிக்கரு, நல்லாப் பேசுற. இனிமே போனை நீயே எடு" என்றார். அவ்வளவுதான் கிடைத்த மாலை மரியாதை. வேலை கூடியது, பெயர் அப்படியே இருந்தது.

வீட்டில் மனைவி அழுதாள். சந்தோஷ அழுகைதான். அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் சந்தோஷத்துக்கும் ஒரு ஆயுசு உண்டே, கொஞ்ச நாளில் வீடும் பழகிவிட்டது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, நாள் பூரா சத்தம் கேட்டுக் கேட்டுத் தலை வலிக்குது" என்று அவள் ஒருமுறை சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது. உறவுக்காரர்கள் கூடிய இடங்களில் இன்னும் மோசம். முன்பு அவர் வாயைத் திறந்தால் கூடமே அமைதியாகிவிடும், என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் அவர் உதட்டையே பார்ப்பார்கள். இப்போது நன்றாகத்தான் பேசுகிறாரே என்று மச்சான் பாதியிலேயே குறுக்கே புகுந்து தன் கார் புராணத்தை ஆரம்பித்தான். திக்கினபோது காத்திருந்தார்கள், பேச வந்ததும் யாருக்கும் நேரமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தாரே, அதைக் கேட்க ஆளில்லை.

சங்கத்தில் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒரு தபால்காரர் இருந்தார். திக்கல் போய்விட்டது என்று கேக் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரமும் வந்தார். அவர் சரளமாகப் பேசப் பேச, மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், "நீங்கதான் கரையேறிட்டீங்களே, இனிமே இங்க வந்து உங்க நேரத்த ஏன் வீணாக்கறீங்க" என்று பக்குவமாகச் சொல்லி வழியனுப்பி வைத்தார். அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, அண்ணன்தான்.

ஆகவே நடித்தார். தன்னுடைய பழைய திக்கலையே ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். ப-வில் மூன்று தட்டு, க-வில் ஒரு அடைப்பு, நடுவே கண்ணை மூடித் திறப்பது. நன்றாகவே வந்தது. ஒரே ஒரு வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியும். நடிக்கிற திக்கல் உதட்டில் ஆரம்பித்து உதட்டிலேயே முடிந்துவிடும். நிஜத் திக்கலோ தொண்டைக்கும் கீழே, நெஞ்சுக்குழியில் யாரோ கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். படியிறங்கும்போதெல்லாம் தன்மேல் ஒரு அருவருப்பு வரும். அடுத்த ஞாயிறு மறுபடியும் படியேறுவார்.

குட்டு உடைந்த நாளைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கூட்டமும் ஆரம்பிக்கும்போது எல்லோரும் ஒரே குரலில் ஒரு பக்கம் படிப்பார்கள். என்ன பக்கம் என்பது முக்கியமில்லை, வக்கீல் கையில் கிடைத்ததை நகல் எடுத்து வருவார். ஏன் படிக்கிறோம் என்று ஒரு மருந்துக்கடைப் பெண் முன்பொரு நாள் கேட்டிருந்தாள். சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் பெயரைச் சொல்ல வைத்தவர், அதனால் எதற்கெடுத்தாலும் அவளுக்கு அண்ணாதான்.

"சேர்ந்து ப... ப... படிக்கறப்ப திக்காதும்மா" என்று சொல்லியிருந்தார். "யாருக்குமே திக்காது. எவ்வளவு மோசமாத் திக்கறவங்களுக்கும் அப்ப மட்டும் வந்துரும். தனியா நிக்கறப்பதான் நாக்குக்குப் ப... பயம்."

அவள் அதைக் கேட்டு வாய் பிளந்து சிரித்தாள். அந்த அறையிலேயே எல்லோருக்கும் பிடித்த நேரம் அதுதான். ஊமையாகவே வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம் முழுக்கத் தடையில்லாமல் ஓடுவார்கள்.

அன்றைக்கு வக்கீல் கொண்டுவந்தது பால்கனியில் செடி வளர்ப்பது பற்றிய ஏதோ கட்டுரை. எல்லோரும் படித்தார்கள். இவர் மனம் வேறெங்கோ இருந்தது. முந்தைய நாள் மச்சான் வீட்டில் பேச்சை வெட்டியதை நினைத்துக் கறுவிக்கொண்டே, கண் பாட்டுக்கு வரியைப் பார்க்க, வாய் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ப-வைப் பார்த்ததும் பழகிப்போன உதடு தன் வேலையைக் காட்டியது.

"பூ... பூ... பூந்தொட்டி."

மற்ற குரல்கள் அவரைத் தாண்டிப் போய், அடுத்த வார்த்தையில் தடுமாறி, ஒவ்வொன்றாக நின்றன. மருந்துக்கடைப் பெண் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். புரியாத பார்வைதான் முதலில். பிறகு புரிந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். வக்கீல் சுவரில் இருந்த போக்குவரத்துச் சின்னங்களின் படத்தை, இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"விட்ட எடத்துலேர்ந்து படிப்போம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

படித்தார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் வழக்கம்போலத் தேநீர் குடித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருடன் என்று பிடித்துக் கட்டி வைத்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரம் அவருக்குக் கடையில் எதுவும் ஓடவில்லை. கிளட்ச் கேபிள் கேட்டவருக்கு ஆக்சிலேட்டர் கேபிள் கொடுத்தார். "கிக்கருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் கேஷியர். போகாமல் நின்றுவிடலாமா என்று நினைத்தார். நின்றுவிட்டால்? ஏழு நாளும் கிக்கர்.

மனைவியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரை அவள் விடவில்லை.

"நீங்க அங்க போய்ச் சொல்லிக் குடுக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல. திக்கறேன்."

"இப்பதான் திக்கறதில்லயே."

"திக்கற மாதிரி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க?"

"அங்க நான் பேசினா காத்திருப்பாங்க. வக்கீல்கூட. அங்க நான் ஒரு ஆளு. இங்க யாரு காத்திருக்கா எனக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். மருத்துவமனையில் நாள் முழுக்க "சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்று ஓதுகிறவள் அவள். வீட்டில் ஒரு நாள்கூட அவரை அப்படிச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பேசி முடிக்க வந்தபோது, உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல அவர் பட்ட பாட்டில் வீட்டுப் பெரியவர்களெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நான் காத்திருந்தது எந்தக் கணக்குல சேர்த்தி?" என்றாள்.

"நீ வீட்டு ஆளு" என்றார் அவர். இதைவிட மட்டமான பதில் ஒன்றை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மனுஷனுக்கு அதுதான் வாயில் வந்தது, தட்டுத் தடங்கல் இல்லாமல்.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து, "ஞாயித்துக்கெழம போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. அவங்களை ஏமாத்தக் கூடாது. பாவம் அவங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்த வாரம் முழுக்க அவர்கள் பருப்பு, மின்சாரக் கட்டணம், மருந்து இவற்றைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. படியேறினார். நாற்காலிகள் வட்டமாகத்தான் இருந்தன. மருந்துக்கடைப் பெண் எப்போதும் அவர் பக்கத்தில் உட்காருபவள், அன்றைக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் அவள் கைப்பை இருந்தது. "வாங்கண்ணே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைக்கு வருகிற வாடிக்கையாளரை வரவேற்பதைப் போலவே இருந்தது. அன்றைக்குச் சேர்ந்து படிக்கவில்லை. வக்கீல் நகல் எடுக்க மறந்துவிட்டாராம். மறக்கிற ஆளா அவர்?

அண்ணன் முறை வந்தது. எழுந்து நின்றார். வாக்கியத்தை வாரம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தார். ரொம்பச் சின்ன வாக்கியம். பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க. சரளமாகச் சொல்லிவிட வேண்டும், அந்தச் சரளமே மற்றதையெல்லாம் சொல்லிவிடும் என்பது திட்டம்.

"நான்" என்றார். அது வந்தது.

"நான் ப்..."

நெஞ்சுக்குழியில் கை விழுந்தது. உதட்டில் இல்லை. அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் எங்கேயோ போயிருந்தது, வழி தெரிந்து திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மூச்சை விட்டுப் பார்த்தார். தோளைத் தளர்த்திப் பார்த்தார். எந்தப் பயிற்சியும் உதவவில்லை.

"நான் ப்... ப்..."

கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் முதன்முறையாக ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீல் தன் செருப்பைப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண்ணின் முகம் சிவந்திருந்தது, வெட்கம் அவளுக்கு. இன்னும் எதற்காக இந்த நடிப்பு என்று அவள் மனம் கொதிப்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. இது நிஜம், இது நிஜம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத்தான் முடியவில்லையே.

"ப்..."

"போதும்ணே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், தரையைப் பார்த்தபடி. "பொய் சொன்னேன்னுதான சொல்ல வர்றீங்க. பு... புரிஞ்சுது. உக்காருங்க."

முடித்துக் கொடுத்துவிட்டார். எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாததைச் சட்டம் போட்டவரே செய்தார். கோபத்தில் செய்யவில்லை, அண்ணனை அந்த நிலையில் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தார். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. அண்ணன் உட்காரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். யாரும் தடுக்கவில்லை.

படியில் பாதியில் நின்றார். அப்போது அவர் மனதில் ஒன்று வந்தது பாருங்கள், அதை நினைத்தால் எனக்கே அவர்மேல் கோபமும் பாவமும் சேர்ந்து வருகிறது. சந்தோஷம் வந்தது. திரும்ப வந்துவிட்டதே, இனிமேல் நடிக்க வேண்டாமே, அடுத்த வாரம் உரிமையோடு வரலாமே என்று ஒரு நொடி உள்ளுக்குள் குதித்தது. அடுத்த நொடி, யார் நம்புவார்கள் என்று நினைத்தார். இனி அந்த அறையில் அவர் எவ்வளவு திக்கினாலும் அது நடிப்பு, எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவர் வெளியாள். கீழே டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒருவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவர் ஒதுங்கி நின்றார்.

போன் அடித்தது. மனைவி. அன்றைக்கும் அவளுக்கு டோக்கன் கவுண்டரில் வேலை. பின்னால் ஒரே இரைச்சல்.

"சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது, சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. அதை விடு, உன்னை அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். உன்னை என்ற வார்த்தைக்கு முன்னாலேயே நெஞ்சு அடைத்துக்கொண்டது. எளிய எழுத்துகூட இப்போது வரவில்லை. அவருடைய மூச்சுதான் போனில் போயிருக்கும், இழுத்து இழுத்து. அவளுக்கு அந்த மூச்சைத் தெரியும். எத்தனையோ வருடம் கேட்டது.

அவள் "என்னாச்சு" என்று கேட்கவில்லை. "திரும்ப வந்துருச்சா" என்றும் கேட்கவில்லை. ஒன்றுமே சொல்லாமல் இருந்தாள். அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டு அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கு நின்றார்.

போனில் யாரோ ஒரு ஆள் எரிச்சலாகக் கேட்டது அவர் காதில் விழுந்தது. "எவ்வளவு நேரமா நிக்கறோம், டோக்கன் குடுங்க மேடம்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். "ஒருத்தர் பேசிட்டிருக்கார்."